தலையில்லாத போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. வண்டியை ஸ்டார்ட் செய்யும் சாவி சில நாள் திரும்புகிறது, பல நாள் திரும்புவதில்லை. புதிய பூட்டு செட் வாங்கி வைத்துவிட்டார். ஆனால் பூட்டை ஸ்டியரிங் தண்டோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கும் தலையே இல்லை. மொழுமொழுவென்று குமிழ்போல இருக்கின்றன. முன்பு வேலை பார்த்த யாரோ தலையை உடைத்துவிட்டுப் போய்விட்டார், தண்டையே மாற்ற வேண்டும் என்று உள்ளூர் மெக்கானிக் சொல்கிறாராம். வீட்டிலேயே கழற்ற முடியுமா என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: அந்தப் போல்ட் ஏன் அப்படி இருக்கிறது, அதைக் கழற்றத்தான் வேண்டுமா, கழற்றுவதென்றால் சுற்றியிருப்பதைக் கெடுக்காமல் எப்படிக் கழற்றுவது.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். கோவை பீளமேட்டில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் ரூமில் உளியும் அரமும் பிடித்துப் பழகி, பிறகு பழைய கார்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: அந்தத் தலைகளை யாரும் தவறுதலாக உடைக்கவில்லை. உடைவதற்கென்றே செய்யப்பட்ட போல்ட் அது. ஆறுபட்டைத் தலைக்குக் கீழே, கழுத்தில் ஒரு பள்ளம் கடைந்து இளைக்க வைத்திருப்பார்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் கழுத்து முறிந்து தலை ஸ்பேனரோடு வந்துவிடும். மிஞ்சுவது பிடிமானமே இல்லாத ஒரு குமிழ். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 முதல் தயாரான கார்களுக்குத் திருட்டுத் தடுப்பு விதி கட்டாயமானது. சாவியை எடுத்ததும் ஸ்டியரிங்கைச் சுற்றவிடாமல் பிடிக்கும் ஸ்டியரிங் பூட்டு பரவலானதற்கு இதுபோன்ற விதிகள் பெரிய காரணம். பூட்டைப் போட்டுவிட்டு அதைச் சாதாரண போல்ட்டில் பிடித்திருந்தால் ஒரு ஸ்பேனர் போதும், பூட்டு கையோடு வந்துவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே உங்கள் வண்டியில் யாரும் கெடுதல் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தண்டை மாற்ற வேண்டிய அவசியமும், போல்ட்டை மட்டும் காரணமாக வைத்துப் பார்த்தால், இல்லை.

இந்த வேலையில் புதியவர்கள் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. கழற்ற முடியாதபடி செய்திருக்கிறார்கள் என்றதும், வெறித்தனமாக இறுக்கியிருப்பார்கள் என்று நினைத்து நேராக ட்ரில்லை எடுத்துவிடுகிறார்கள். கணக்கு அப்படியல்ல. இளைத்த கழுத்து தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அந்தப் போல்ட்டை யாராலும் இறுக்கியிருக்க முடியாது. அதற்குள் தலை போய்விடும். தலை இருந்திருந்தால் சாதாரண ஸ்பேனருக்கே கழன்றுவிடும் இறுக்கம்தான். கோயில் திருவிழாவில் நடுகிற வழுக்குமரத்தில் ஏற முடியாததற்குக் காரணம் உயரமல்ல, பிடிக்க இடமில்லாததுதான். இங்கேயும் அதே கதை. நமக்கு வேண்டியது பலமல்ல, ஒரு பிடி. அதை மனதில் வைத்தால், கையில் எடுக்கும் கருவியும் தட்டும் தட்டும் தானாகவே மிதமாகிவிடும்.

ஆனால் கழற்றத்தான் வேண்டுமா? பெரும்பாலான பழைய வண்டிகளில், சாவி நுழையும் உலோகப் பூட்டு ஒரு பகுதி, அதன் பின்புறத்தில் வயர்கள் வந்து சேரும் மின்சுவிட்சு இன்னொரு பகுதி. சுவிட்சை ஒன்றிரண்டு சின்னத் திருகுகள்தான் பிடித்திருக்கும். சாவி நன்றாகத் திரும்பியும் ஸ்டார்ட்டர் எடுக்கவில்லை, விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்றால் குறை சுவிட்சில் இருக்க வாய்ப்பு அதிகம். போல்ட்டைத் தொடாமலே மாற்றிவிடலாம். உங்கள் வண்டியில் சாவியே திரும்ப மறுக்கிறது. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது சாவி. தேய்ந்த சாவியை வைத்து நகல் வெட்டி, அது தேய்ந்து மறுநகல் வெட்டி என்று போன வண்டிகளில் பூட்டு நல்லபடியாகவும் சாவி மொண்ணையாகவும் இருக்கும். வீட்டுப் பீரோவில் அதிகம் பயன்படுத்தாத இரண்டாவது சாவி கிடந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். முன்சக்கரம் திண்டில் மோதி நின்று ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலும் சாவி இறுகும். ஸ்டியரிங்கை லேசாக இருபுறமும் அசைத்தபடியே சாவியைத் திருப்ப வேண்டும். பூட்டுக்குள் எண்ணெய் விட வேண்டாம். நம் பக்கத்துப் புழுதி அந்த எண்ணெயோடு சேர்ந்து உள்ளே பசையாகிவிடும். கிராஃபைட் தூள் விடுங்கள். அவசரத்துக்குப் பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவினாலும் வேலை செய்யும். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் காற்றுப்பை இல்லை, அந்த ஆபத்து கிடையாது. காற்றுப்பை உள்ள வேறு வண்டி வைத்திருப்பவர்கள், பேட்டரியைக் கழற்றியபின் அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் ஸ்டியரிங் பக்கம் கையை வைக்கக் கூடாது. அடுத்தது, சாவி திரும்புகிற ஒரு நல்ல நேரம் பார்த்து அதை ஏ.சி.சி. (பூட்டின் முகப்பில் ACC என்று குறித்திருக்கும்) நிலையில் வைத்துவிட்டே வேலையை ஆரம்பியுங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கைப் பூட்டும் நாக்கு, தண்டில் வெட்டியிருக்கும் பள்ளமான காடியிலிருந்து விலகிப் பூட்டுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். பூட்டு இழுபறியில்லாமல் வெளியே வரும். ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, தண்டை டேஷ்போர்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் தண்டு கீழே இறங்கி இருக்கைமேல் சாய்ந்து நிற்கும். கை நுழையவும், சுத்தியல் வீசவும் அப்போதுதான் இடம் கிடைக்கும். இந்த ஒரு படியைச் சோம்பலில் விட்டுவிட்டு, தலையை மிதிபலகைக்குள் நுழைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் தட்டுவதால்தான் பாதி வேலைகள் கெட்டுப்போகின்றன. தண்டின் முனையில் மட்டும் ஓங்கி அடிக்கக் கூடாது. மோதலில் சுருங்கிக் கொடுக்கும்படி செய்த தண்டுகள் பல வண்டிகளில் உண்டு. நீளவாக்கில் அடித்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். சுசுகியின் பட்டறைக் கையேடுகளிலேயே இந்தப் போல்ட்டைச் சென்டர் பஞ்ச்சால், அதாவது இரும்பில் குழி போடும் கூர்முனை எஃகுக் கம்பியால், தட்டித் தளர்த்தச் சொல்லியிருக்கிறது. பூட்டின் அலுமினிய உடலில் பஞ்ச் பட்டுச் சேதமாகக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. வேறு எந்த வித்தைக்கும் முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும். புதிதாகக் கூர் பிடித்த பஞ்ச் ஒன்றும், கால் கிலோ அளவிலான சின்னச் சுத்தியலும் போதும். குமிழின் நடுவில் அடிக்காதீர்கள். நடுவில் அடித்தால் போல்ட் திரும்பாது. விளிம்புக்கு அருகில், விளிம்பு உடைந்துவிடாத அளவு உள்ளே தள்ளி, பஞ்ச்சை நேராக நிறுத்தி ஒரு நல்ல அடி. அங்கே ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியிலேயே முனையை ஊன்றிக்கொண்டு, பஞ்ச்சை மெல்லச் சாய்த்து, போல்ட்டை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகத் தள்ளும் கோணத்துக்குக் கொண்டு வாருங்கள். பாதிச் சாய்வு போதும். அதிகம் சாய்த்தால் முனை வழுக்கி அலுமினியத்தைக் கீறும். இனி ஓங்கிய அடி வேண்டாம். டக், டக் என்று ஒரே அளவான, சுருக்கமான தட்டுகள். பூட்டின் மறுபக்கம் கனமான இரும்புத் துண்டு ஒன்றை இன்னொருவர் அழுத்திப் பிடித்திருந்தால், அடி வீணாகத் தண்டின் அதிர்வில் கரையாமல் முழுதும் போல்ட்டுக்குப் போகும். போல்ட் அசைந்த கணத்தைக் காதிலேயே தெரிந்துகொள்ளலாம்: கணீரென்று ஒலித்த சத்தம் ஒரு தட்டில் சட்டென்று மந்தமாகிவிடும். கூர்ந்து பார்த்தால் குமிழைச் சுற்றியிருந்த அழுக்கு வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். அங்கிருந்து கால் சுற்று வந்துவிட்டால் மீதியைக் கூர்மூக்கு இடுக்கியாலோ, சில நேரம் விரலாலேயே கூடவோ திருகி எடுத்துவிடலாம்.

துரு பற்றி ஒரு வார்த்தை. தண்டு வண்டிக்குள்ளே இருப்பது, மழை படாது. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமே ஓடிய வண்டி என்றால் இந்தப் போல்ட்டுகளில் துருப் பிடிப்பது அரிது. கடற்கரை ஊரிலோ, ஊட்டி, குன்னூர் ஈரத்திலோ பல வருடம் நின்ற வண்டியாக இருந்தால் மரை ஓரமாகத் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் நாள்பட இருந்தால் வெள்ளைத் தூள் போல ஓர் அரிப்பு வரும்; அது இறுக்கிப் பிடிக்கும். உங்கள் போல்ட்டில் அது இருக்கிறதா என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும்.

பஞ்ச்சுக்கு மசியவில்லை என்றால் அடுத்தது, குமிழில் ஒரு காடி அறுப்பது. ஹேக்சா பிளேடைத் துண்டாக உடைத்துத் துணி சுற்றிக் கையில் பிடித்தோ, சின்ன அறுக்கும் சக்கரம் பூட்டிய கைக்கருவியாலோ குமிழின் குறுக்கே காடி போட்டுவிட்டு, அதில் அடக்கமாக உட்காரும் பெரிய திருப்புளியை வைத்துத் திருப்பலாம். அடித்தால் திரும்பும் இம்பாக்ட் திருப்புளி இருந்தால் இன்னும் நல்லது. காடி ஆழமாக இருக்க வேண்டும், அகலமாக இருக்கக் கூடாது. அகலமான காடியில் திருப்புளி உருண்டு விளிம்பை உடைத்துவிடும்.

ட்ரில் கடைசிக்கு முந்திய வழி. குமிழ் முனையில் பிட் நிற்காமல் வழுக்கும். ஆகவே முதலில் அரத்தால் தட்டையாக்கி, நடுவைக் கண்டுபிடித்துப் பஞ்ச் போட்டுக்கொண்டுதான் துளைக்க வேண்டும். இடப்பக்கமாகச் சுற்றி வெட்டும் இடமுறுக்கு ட்ரில் பிட் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். துளை போடும்போதே போல்ட் கழன்று வந்துவிடுவது உண்டு. இல்லையென்றால் சின்னத் துளை போட்டு, ஈசி அவுட் என்று பட்டறைகளில் சொல்லும் எக்ஸ்ட்ராக்டரை இடப்பக்கமாகத் திருகி இறக்க வேண்டும். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகு, வளையாது, ஒடிந்துவிடும். ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் வீட்டில் இருக்கும் எந்த ட்ரில் பிட்டும் அதைத் துளைக்காது. அப்போது ஸ்பார்க் மெஷின்தான் வழி. அதிர்ஷ்டவசமாக நாம் இருப்பது கொங்கு நாட்டில். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் அச்சு செய்யும் டூல் ரூம்களில் மின்பொறியால் இரும்பை அரித்து எடுக்கும் அந்த மெஷின் இருக்கும். என்றாலும் இருநூறு ரூபாய் போல்ட் வேலையை அங்கே வரை கொண்டுபோக வேண்டியதில்லை. கையில் எக்ஸ்ட்ராக்டர் முறுகுவது போலத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் எச்சரிப்பதில்லை. துளைக்கும்போதும் அறுக்கும்போதும் விழும் இரும்புத் தூள் தண்டுக்குள்ளோ, புதிய பூட்டின் நாக்கு நுழையும் ஓட்டைக்குள்ளோ போய்விடக் கூடாது. பிட்டில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கீழே ஈரத் துணியைத் திணித்து, முடிந்ததும் காந்தம் காட்டி எடுங்கள். நாக்கு உள்ளே போய் மாட்டிக்கொண்டு திரும்ப வராத பூட்டு, ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கைப் பூட்டிவிடக்கூடிய பூட்டு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நட்டை வைத்து வெல்டிங் பிடித்துக் கழற்றலாமே என்று லாரிப் பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் சேஸியில் முறிந்த போல்ட்டுக்கு அது அருமையான வழி. வெப்பமே பாதி வேலையை முடித்துவிடும். இங்கே வேண்டாம். சில பூட்டுகளின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. அது சுமார் 385 டிகிரியிலேயே உருகிவிடும். அலுமினியம் அதைவிட அதிக வெப்பம் தாங்கும் என்றாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷும், பக்கத்து வயர்களும் தாங்காது. தண்டை முழுதாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தால் மட்டுமே வெல்டிங்கை யோசிக்கலாம். அப்படி எடுத்துவிட்டால் அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பழைய பூட்டு எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. தண்டை இரண்டு பாதியாகக் கவ்வியிருக்கும் அதன் பிடியையே ஹேக்சாவால் அறுத்து எடுத்துவிடலாம். இரண்டு நிபந்தனை: உள்ளே இருக்கும் தண்டுக் குழாயில் பிளேடு கீறக் கூடாது, வாங்கிய செட்டில் பிடியின் இரு பாதிகளும், இரண்டு புதிய போல்ட்டுகளும் வந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து இதை இன்றே பார்த்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது சாதாரண போல்ட் போட்டு முடித்துவிடாதீர்கள். என்னிடம் வரும் பழைய வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை கழற்றச் சுலபமாக இருக்கும் என்கிறார்கள். திருடனுக்கும் அதே சுலபம்தான். லேத்தில் கொடுத்துக் கழுத்தில் பள்ளம் கடைந்து செய்துகொள்ளலாமா என்றும் கேட்பார்கள். கடைவது பெரிய வேலையில்லை, ஆனால் எந்த இரும்பு, எவ்வளவு இளைப்பு என்பதைப் பொறுத்துத்தான் தலை உடையும் இறுக்கம் அமைகிறது. சீக்கிரம் உடைந்தால் பூட்டு தளர்ந்து நிற்கும். உடையாமலே போனால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். அசல் போல்ட்டை வாங்குங்கள். புதிய பூட்டின் நாக்கும் தண்டின் காடியும் நேராகப் பொருந்தும்படி உட்கார வைத்து, இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தலை உடையும் முன்பே நிறுத்தி, சாவியைப் பலமுறை போட்டு எடுத்து, ஸ்டியரிங் பூட்டுகிறதா, பூட்டியது முழுதாக விடுகிறதா, சாவி உள்ளே இருக்கும்போது இருபுறமும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். திருப்தியான பிறகு மட்டும் தலையை முறியுங்கள். அதற்குப் பின் தவறு தெரிந்தால் மறுபடி பஞ்ச்சும் சுத்தியலும்தான்.

கழற்றவே கூடாத சிலவும் வண்டியில் உண்டு, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரக் குழியின் நடுவில் குச்சி நிற்கும் டார்க்ஸ் திருகுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள பிட் வாங்கினால் கழன்றுவிடும். ஆனால் டீசல் வண்டிகளின் பம்பில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகுக்குப் போட்டிருக்கும் சீலை உடைக்காதீர்கள். பழைய டீசல் வண்டிகளில் வந்த மைகோ பம்பு காலத்திலிருந்தே இழுவை கூடும் என்று அதை உடைப்பவர்கள் உண்டு. கரும்புகையும் சூடேறிய இன்ஜினும்தான் மிச்சம். 2019 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளின் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்னாப் லாக்கும் அப்படித்தான். ஒருமுறை எடுத்தால் திரும்பப் போட முடியாது. பம்பர் வேலை வந்தால் முறையான இடத்தில் புதியது போட்டு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் பொதுவில் எழுதினால் திருடனுக்குப் பாடமாகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தண்டை இறக்கி, ஆள் வைத்துப் பிடித்து, அரை மணி நேரம் டக் டக் என்று தட்டும் வேலையை நடுத்தெருவில் எந்தத் திருடனும் செய்யமாட்டான். ஆனால் பட்டறைக்காரர்களுக்கு ஒரு கடமை உண்டு. ஆர்.சி. புத்தகத்தையும் கொண்டுவந்தவரையும் ஒத்துப் பார்க்காமல் நான் பூட்டுப் போல்ட்டில் கை வைப்பதில்லை. அப்பா பெயரில் வண்டி இருந்தால், நீங்கள் எந்தப் பட்டறைக்குக் கொண்டு போனாலும் அந்த ஆவணத்தோடு போங்கள்.

பஞ்ச் வேலை வரை நீங்களே தாராளமாகச் செய்யலாம். காடி அறுத்தும் அசையவில்லை என்றால் ட்ரில் பிடித்துப் பழக்கமில்லாதவர் அதோடு நிறுத்திவிடுவது நல்லது. தண்டை முழுதாகக் கழற்றி, புதிய செட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நல்ல லேத் பட்டறை ஒன்றுக்குப் போங்கள். கழற்றும் முன் ஸ்டியரிங் சக்கரமும் தண்டும் சேரும் இடத்திலும், கீழே இணைப்பு சேரும் இடத்திலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு இருந்தால்தான் திரும்பப் பூட்டும்போது சக்கரங்கள் நேராக நிற்கையில் ஸ்டியரிங்கும் நேராக நிற்கும்.